100 குஞ்சு வேண்டாம் டீச்சர், ஒரு தராசு வாங்குங்கள்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. ஆவடிக்குப் பக்கத்தில் வீடு. மொட்டை மாடியில் 500 லிட்டர் கறுப்புத் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் மீன் விட்டு, நீல டிரம் ஒன்றை நீளவாக்கில் பிளந்து ஜல்லி நிரப்பி இரண்டு செடித்தொட்டி வைத்து, மீன் கழிவு கலந்த தண்ணீரையே உரமாக்கும் அக்வாபோனிக்ஸ் முறையில் கீரை வளர்க்க ஆசை. தண்ணீர் போர் தண்ணீர்தான். சில நாள் கரண்ட் ஒரு மணி, இரண்டு மணி நேரம் போகும். கணவருக்கு விரால்தான் வேண்டுமாம். பேரன் கோய் மீன் கேட்கிறான். இணையத்தில் பார்த்தால் எல்லோரும் திலாப்பியா என்கிறார்கள். குஞ்சு விற்பவரோ, "500 லிட்டருக்கு 100 குஞ்சு தாராளமாக விடலாம், கெளுத்தி விட்டால் சீக்கிரம் எடை போடும்" என்கிறார். மாமியார் சுத்த சைவம். நாங்களும் விரத நாள்களில் தொட மாட்டோம். மாதத்தில் மூன்று நான்கு நாள் ஊருக்குப் போய்விடுவோம். எந்த மீன் விடலாம், எத்தனை விடலாம்?

பதில்: வணக்கம் டீச்சர். எனக்கு வரும் கடிதங்களில் பாதி "எந்த மீன் நல்லா வளரும்?" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும். நீங்கள் தண்ணீர், கரண்ட், மாமியார், பேரன் என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்கள், அதனால் என் வேலை பாதி குறைந்தது. ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். அதைக் கடைசியில் கேட்கிறேன்.

மீனுக்கு முன்னால் மாடி. 500 லிட்டர் என்றால் அரை டன். அந்த வட்டத் தொட்டி உட்காரும் இடம் முக்கால் சதுர மீட்டருக்கும் குறைவு, அதாவது சதுர மீட்டருக்கு 700, 800 கிலோ அழுத்தம். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடியைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமை என்ற கணக்கில்தான் பொதுவாக வடிவமைக்கிறார்கள். ஜல்லி நிரப்பிய அரை டிரம் ஒவ்வொன்றும் தண்ணீரோடு சேர்த்து 200 கிலோவை நெருங்கும். தளத்தின் நடுவில் வைக்கவே வைக்காதீர்கள். வீடு கட்டிய எஞ்சினியரைக் கூப்பிட்டு, எந்தச் சுவருக்கு மேல், எந்த பீமுக்கு மேல் வைக்கலாம் என்று காட்டச் சொல்லுங்கள். தரையில் நிழலான இடம் இருந்தால் அதுதான் என் முதல் விருப்பம், மீனுக்கும் அதுவே நல்லது. கறுப்புத் தொட்டி சித்திரை வெயிலில் நேராக நின்றால் தண்ணீர் 35 டிகிரியைத் தாண்டும், அந்தச் சூட்டில் எந்த மீனைத் தேர்ந்தெடுத்தும் பிரயோஜனமில்லை.

சரி, அந்த 100 குஞ்சு விஷயத்துக்கு வருகிறேன். விற்கிறவர் பொய் சொல்லவில்லை, ஒரு விரல் நீளத்தில் 100 குஞ்சு அந்தத் தொட்டியில் நன்றாகவே நீந்தும். ஆனால் அவர் சொல்வது இன்றைய கணக்கு. ஏழெட்டு மாதத்தில் ஒவ்வொன்றும் 250 கிராம் வந்தால் 25 கிலோ மீன், உங்களிடம் இருப்பதோ அதே 500 லிட்டர். வீட்டு அளவு அக்வாபோனிக்ஸுக்கு ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2014-இல் வெளியிட்ட கையேடு 1000 லிட்டருக்கு 10 முதல் 20 கிலோ மீன் என்கிறது, அதுவும் அந்த எடை வளர்ந்து முடிந்த பிறகு வருகிற எடை.

நான் இன்னும் குறைவாகத்தான் சொல்வேன், ஏனென்றால் எத்தனை மீன் என்பதை முடிவு செய்வது உங்கள் மீன் தொட்டி இல்லை, செடித்தொட்டிதான். 200 லிட்டர் டிரம்மை நீளவாக்கில் பிளந்தால் ஒரு பாதியின் மேல்பரப்பு ஏறக்குறைய அரை சதுர மீட்டர், இரண்டும் சேர்ந்து ஒரு சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் கீரைக்கு ஒரு நாளைக்கு 40 முதல் 50 கிராம் மீன் தீவனம் போதும். தீவனத்தை மீன் தின்கிறது, கழிவில் அம்மோனியா வருகிறது, ஜல்லியில் குடியிருக்கும் பாக்டீரியா அதை முதலில் நைட்ரைட்டாகவும் அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது, கீரை அதைக் குடிக்கிறது. இதற்கு மேல் தீவனம் போட்டால் ஜல்லியால் சமாளிக்க முடியாது, கீரையாலும் குடிக்க முடியாது. ஓரளவு வளர்ந்த மீன் தன் எடையில் இரண்டு சதவீதம் தின்னும் என்று வைத்தால், 50 கிராம் தீவனத்துக்கு இரண்டரை கிலோ மீன். அவ்வளவுதான் உங்கள் அமைப்பு தாங்கும். திலாப்பியா என்றால் கால் கிலோ அளவில் பத்து, விரால் என்றால் அரைக் கிலோ அளவில் ஐந்து, தங்கமீன் என்றால் நாற்பது ஐம்பது சின்ன மீன். அதனால்தான் மீனை எண்ணுவதை விட்டுவிட்டு, தீவனத்தை நிறுக்க ஒரு சமையலறைத் தராசு வாங்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். சிரிப்பார்கள், ஆனால் வாங்கியவர்கள் மறுபடி கடிதம் எழுதுவது குறைவு.

இந்தக் குறைந்த எண்ணிக்கையில் இன்னொரு லாபம் இருக்கிறது. 30 டிகிரித் தண்ணீரில் நிறைவாகக் கரைந்தாலும் ஒரு லிட்டரில் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் நிற்கும். அது 3-க்குக் கீழே இறங்கினால் மீன் மேலே வந்து வாய் திறக்க ஆரம்பிக்கும். உங்கள் தொட்டியில் இரண்டரை கிலோ மீன் இருந்தால், கரண்ட் போன பிறகு தோராயமாக இரண்டு மூன்று மணி நேரம் தாக்குப் பிடிக்கலாம். 25 கிலோ இருந்தால் இருபது நிமிடம்கூட நிச்சயமில்லை. உங்கள் பகுதியில் கரண்ட் போவது இரண்டு மணி நேரம் வரை. எந்தக் கணக்கு உங்களுக்கு ஒத்துவரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. மீன்வளப் படிப்பு முடித்த புதிதில், எல்லாம் தெரியும் என்ற மிதப்பில், என் வீட்டுப் பின்புறம் 1000 லிட்டர் தொட்டியில் 120 திலாப்பியா விட்டிருந்தேன். ஆறு மாதம் நன்றாகப் போனது. ஒரு மே மாத விடியற்காலை மூன்று மணிக்குக் கரண்ட் போயிருக்கிறது, எனக்குத் தெரியாது, மின்விசிறி நின்று புழுக்கத்தில் எழுந்தபோது மணி ஐந்து. டார்ச் அடித்துப் பார்த்தால் தண்ணீர் தெரியவில்லை, வெள்ளை வயிறுதான் தெரிந்தது. தெரு முழுக்கக் கொடுத்தும் தீரவில்லை, மிச்சத்தைத் தென்னைக்குப் போட்டேன். அன்றைக்கு பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ஏர் பம்ப் வைத்திருந்தால் போதும். மீன் வாங்குவதற்கு முன்னால் அதை வாங்குங்கள், கரண்ட் போனால் தானே ஓட ஆரம்பிக்கும் வகை கடையில் கிடைக்கும்.

போர் தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பும் கடினமும் கலந்ததாக, பிஎச் (புளிப்பு, காரத்தன்மையைக் காட்டும் அளவு) எட்டையொட்டி இருக்கும். அம்மோனியாவில் மீனைக் கொல்வது ஒரு பகுதி மட்டும்தான், அந்தப் பகுதி 30 டிகிரியில் பிஎச் 7 என்றால் ஒரு சதவீதத்துக்கும் கீழே, பிஎச் 8 என்றால் ஏழு சதவீதம் போல. ஒரே அம்மோனியாதான், உங்கள் தண்ணீரில் அது பல மடங்கு விஷம். அதே பிஎச்சில் செடிக்கு இரும்புச்சத்தும் எட்டாது, கீரையின் இளம் இலை நரம்பு பச்சையாக இருக்க நடுவில் மஞ்சளிக்கும். மழைத் தண்ணீரைச் சேமிக்கும் வசதி இருந்தால் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். ஜல்லி வாங்கும்போது இரண்டு கல்லில் எலுமிச்சம் பழம் பிழிந்து பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்புச் சத்துள்ள கல், வேண்டாம். கருங்கல் ஜல்லி நுரைக்காது.

இனி மீன்கள். கெளுத்தியில் தொடங்குகிறேன், அதை முதலில் தள்ளிவிடலாம். சீக்கிரம் எடை போடும் என்று அவர் சொன்னது பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கெளுத்தியாகத்தான் இருக்கும், சிலர் தேளி என்றே விற்பார்கள். அதை வளர்க்க மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடை போட்டுவிட்டது. மழையில் தொட்டி வழிந்து ஒன்று இரண்டு ஏரிக்குள் போனாலும் நம் நாட்டு மீனையெல்லாம் தின்று தீர்த்துவிடும். அதை விற்கிறவரிடம் வேறு குஞ்சும் வாங்காதீர்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

விரால். உங்கள் கணவரை நான் குறை சொல்ல மாட்டேன், விரால் குழம்பு தெரிந்தவருக்கு வேறு மீன் பிடிக்காது. காற்றை நேரடியாகச் சுவாசிக்கும், கரண்ட் போனாலும் கவலைப்படாது, அந்த வகையில் தொட்டிக்கு ஏற்ற மீன்தான். சிக்கல் அதன் குணத்தில் இருக்கிறது. குஞ்சுகளில் பெரியது சின்னதைத் தின்னும், அதனால் அடிக்கடி அளவு பார்த்துப் பிரிக்க வேண்டும், பிரித்தால் இரண்டாவது தொட்டி வேண்டும். புரதம் நிறைய உள்ள விலை கூடிய தீவனம் வேண்டும், தீவனத்துக்குப் பழக்காத குஞ்சு உயிர் இரைதான் கேட்கும். வலை கட்டவில்லையென்றால் ராத்திரியில் துள்ளி வெளியே விழும். இவ்வளவு பாடுபட்டு ஆண்டுக்கு ஐந்து விரால். அவருக்கு வேண்டிய விராலைச் சந்தையில் உயிரோடு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், கணக்குப் போட்டால் அதுதான் மலிவு.

திலாப்பியா. இணையம் முழுக்க அதுவே இருப்பதற்குக் காரணம் உண்டு. அக்வாபோனிக்ஸ் இன்று இருக்கும் வடிவத்துக்கு வர ஜேம்ஸ் ரகோசி என்பவர் கரீபியன் கடலில் விர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டு செய்த ஆராய்ச்சி ஒரு முக்கியக் காரணம், அவர் அங்கே வளர்த்தது திலாப்பியா. வெப்பத் தீவு, வெப்ப மீன். நம் ஊருக்கும் வெப்பம் பொருந்தும், 27 முதல் 30 டிகிரியில் அது மிக நன்றாக வளரும், அழுக்குத் தண்ணீரையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஆனால் நம் ஊர்க் குளங்களில் ஜிலேபிக் கெண்டை என்று கிடைப்பது 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் வகை. கை அளவு வருவதற்குள் முட்டை போட ஆரம்பித்துவிடும், தாய் மீன் குஞ்சுகளை வாயில் வைத்துக் காப்பாற்றும், நாலு மாதத்தில் உங்கள் தொட்டியில் பத்து மீன் இருந்த இடத்தில் இருநூறு பொடி மீன் இருக்கும், ஒன்றும் வளராது. தீவனக் கணக்கும் தலைகீழாகும். அதனால் கிஃப்ட் எனப்படும் மேம்படுத்திய திலாப்பியாவில் ஆண் மீன்கள் மட்டும்தான் வேண்டும், அதைப் பதிவு பெற்ற குஞ்சுப் பொரிப்பகத்தில், மீன்வளத் துறையின் அனுமதியோடுதான் வாங்கி வளர்க்க வேண்டும். மாவட்ட மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரியுங்கள். "எல்லாம் ஆண் மீன்தான் சார்" என்று பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டுகிறவரை நம்பி ஏமாந்தவர்கள் என்னிடம் நிறைய பேர் வந்திருக்கிறார்கள், கையில் பொடி மீன் பாத்திரத்தோடு.

கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் குளத்து மீன். அவற்றுக்கு 500 லிட்டர் என்பது சிறை.

கோய், பேரனுக்காக. அழகுதான், ஆனால் இரண்டு அடி வரை வளரும், பல வருடம் வாழும். சின்னக் கோய் நான்கு விட்டால் இரண்டு வருடத்தில் அவை நான்கும் சேர்ந்தே உங்கள் இரண்டரை கிலோவைத் தாண்டிவிடும், அப்புறம் எங்கே கொண்டுபோய் விடுவீர்கள்? ஏரியில் விடக்கூடாது, அதையும் சொல்லிவைக்கிறேன்.

பனையேறிக் கெண்டை எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்த மீன். நம் நாட்டு மீன், விரால் மாதிரி காற்றைச் சுவாசிக்கும், சூடு தாங்கும், நூறு கிராம் அளவில் சமைக்கலாம், முள் அதிகம் ஆனால் ருசி அதிகம். குஞ்சு தேடிக் கண்டுபிடிப்பதுதான் பாடு. கிடைத்தால் இருபது விடுங்கள், தொட்டியை இறுக்கமாக வலையால் மூடுங்கள், பெயரே பனையேறி.

இப்போது நான் கேட்க வைத்திருந்த கேள்வி. மீனைப் பிடித்து அறுப்பது யார்?

கிண்டலுக்குக் கேட்கவில்லை. சந்தையில் வெட்டிக் கொடுத்த மீனைச் சமைப்பது வேறு, எட்டு மாதம் தினமும் காலையில் உங்கள் நிழலைப் பார்த்து ஓடிவந்த மீனை வலை போட்டுத் தூக்குவது வேறு. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் குழந்தைகள் பன்னிரண்டு திலாப்பியாவுக்கும் பெயர் வைத்துவிட்டார்கள். மூன்று வருடமாகின்றன, ஒன்றும் குழம்புக்குப் போகவில்லை, ஒவ்வொன்றும் கிலோவைத் தாண்டிவிட்டது, அந்த அப்பா தொட்டியை இரண்டு தடவை பெரிதாக்கிவிட்டார். உங்கள் வீட்டில் மாமியார் சைவம். விரத நாள்களை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பங்குனியில் குஞ்சு விட்டால் மீன் சாப்பிடும் பதத்துக்கு வருவது புரட்டாசி ஐப்பசியில். புரட்டாசியில் தொட மாட்டீர்கள், ஐப்பசியில் சஷ்டி வரும், கார்த்திகையில் வீட்டில் யாராவது மாலை போடுவார்கள், அப்புறம் மார்கழி. மீனுக்கு விரதம் கிடையாது, அது தின்றுகொண்டே இருக்கும், இரண்டரை கிலோ என்று நாம் போட்ட கணக்கு தையில் நாலு கிலோவாக நிற்கும். பிடித்துச் சாப்பிட முடியாத வீட்டில் சாப்பாட்டு மீன் வளர்த்தால் அமைப்பு கெடுவது இப்படித்தான், நோயாலோ வெயிலாலோ இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்த வரையில் நீங்கள் கேட்பது கீரை, மீன் அதற்கு வழி. கணவர் கேட்பது விரால், பேரன் கேட்பது நிறம். இந்த மூன்றையும் பார்த்து நான் சொல்வது: முதல் வருடம் காமெட் ரகத் தங்கமீன், இருபது. உருண்டை வயிறும் இரட்டை வாலும் உள்ள அலங்கார ரகம் வேண்டாம், அது மெதுவாக நீந்தும், சீக்கிரம் நோய் பிடிக்கும். நீண்ட உடம்பு, ஒற்றை வால், இரண்டு மூன்று அங்குல அளவு. ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் வண்ண மீன் சந்தைக்குப் போனால் பார்த்துப் பொறுக்கலாம், உங்களுக்குப் பக்கம்தான். கடின நீரும் பிஎச் எட்டும் இதற்குப் பிரச்சினை இல்லை. திலாப்பியா அளவுக்குச் சூடு தாங்காது என்பது இதன் குறை, அதனால்தான் நிழலைப் பற்றி அவ்வளவு சொன்னேன். பச்சை வலை இரண்டு அடுக்கோ தென்னங்கீற்றோ போட்டுத் தண்ணீரை 30, 31-க்குள் வைக்கப் பாருங்கள். இருபது காமெட் முழுசாக வளர்வதற்கு முன்னால் 20, 25 கிராம் தீவனம்தான் தின்னும், உங்கள் ஒரு சதுர மீட்டரில் பாதி கீரைக்குத்தான் அது போதும். போதட்டும். ஒரு டிரம்மில் பொன்னாங்கண்ணியும் அரைக்கீரையும் போடுங்கள், மற்றதில் தேவை குறைந்த புதினா, வல்லாரை. மீன் வளர வளர அதையும் கீரைக்கு மாற்றலாம். கூட மோலி என்ற சின்ன மீன் பத்துப் பன்னிரண்டு விடுங்கள், கொசுப்புழுவை அது பார்த்துக்கொள்ளும்.

ஆனால் இருபதையும் முதல் நாளே விடாதீர்கள். பம்ப் ஓட்டி ஒரு வாரம் தண்ணீர் சுற்றட்டும், அப்புறம் அந்த மோலியை மட்டும் விட்டு ஒரு சிட்டிகை தீவனம். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றும் பார்க்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி இரண்டு நாளுக்கு ஒரு தடவை பாருங்கள். முதலில் அம்மோனியா ஏறும், அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும், அதுவும் இறங்கி நைட்ரேட் மட்டும் தெரிந்தால் ஜல்லியில் பாக்டீரியா குடியேறிவிட்டது என்று அர்த்தம். நம் ஊர்ச் சூட்டில் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பொறுமையில்லாமல் இரண்டாவது வாரம் எல்லா மீனையும் கொட்டி, மூன்றாவது வாரம் "சார், எல்லாம் செத்துப்போச்சு" என்று அழைப்பவர்கள்தான் எனக்கு அதிகம். மோலிக்குப் பிறகு காமெட்டில் பாதி, இரண்டு வாரம் கழித்து மீதி. கடையிலிருந்து வந்த மீனைப் பத்துப் பதினைந்து நாள் தனி டப்பில் வைத்துப் பார்த்துவிட்டு விடுங்கள். நோய் தெரிந்தால் வைத்தியம் அந்த டப்பில்தான், லிட்டருக்கு மூன்று கிராம் கல் உப்பு பல சின்ன நோய்களுக்குப் போதும். நீல மருந்து, பச்சை மருந்து எதையும் பெரிய தொட்டியில் ஊற்றாதீர்கள், பாக்டீரியாவும் போகும், கீரையையும் சாப்பிட முடியாது.

ஊருக்குப் போகும் நாலு நாளைப் பற்றிக் கவலையே வேண்டாம். வளர்ந்த மீன் நாலு நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. ஆபத்து எதிர்வீட்டுப் பையனிடம் தீவன டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதில் இருக்கிறது, அவன் பாசத்தில் ஒரு வாரத் தீவனத்தை ஒரே வேளையில் கொட்டுவான், அழுகி அம்மோனியா ஏறும். டப்பாவை உள்ளே வைத்துப் பூட்டுங்கள், அவனிடம் பம்ப் ஓடுகிறதா, தண்ணீர் மட்டம் குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு கோடை தாண்டட்டும். சித்திரை, வைகாசியில் விடியற்காலை ஆறு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் தண்ணீரின் சூட்டைத் தெர்மாமீட்டரில் பார்த்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், பக்கத்திலேயே தினமும் போட்ட தீவனத்தின் கிராமையும், கரண்ட் போன நேரத்தையும். அடுத்த தையில் அந்த நோட்டின் படத்தை அனுப்புங்கள். அதற்குள் அறுப்பது யார் என்ற கேள்விக்கும் வீட்டில் பதில் கிடைத்திருக்கும், "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று உங்கள் கணவர் சொன்னால் பத்துப் பன்னிரண்டு ஆண் திலாப்பியாவுக்கோ இருபது பனையேறிக்கோ அந்த எண்களை வைத்து நாம் திட்டம் போடலாம்.